எத்தனை எம்.எம். என்று எழுதித் தாருங்கள்

கொளத்தூரிலும் வில்லிவாக்கத்திலும் சென்னையின் மற்ற பகுதிகளிலும், அளவு சொன்னால் மீன்தொட்டி ஒட்டித் தரும் கடைக்காரர்களுக்கும், அந்தக் கடைகளில் சிலிக்கான் துப்பாக்கி பிடிக்கும் மாஸ்டர்களுக்கும்,



உங்களில் ஒருவர் எனக்குச் செய்து கொடுத்த நாலடித் தொட்டி கசிந்தது. அவர் பெயரையோ கடையின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் கணக்கு எங்களுக்குள் ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது. ஆனால் தீர்வதற்கு முன் நான் கேட்க நேர்ந்த பதில்கள் அவர் ஒருவருடையவை மட்டும் அல்ல என்பது, தொட்டி வைத்திருக்கும் மற்றவர்களிடம் பேசியபோது தெரிந்தது. வேறு வேறு கடை, வேறு வேறு தொட்டி. பதில்கள் மட்டும் அதே, வரிசையும் அதே. அதனால்தான் இதை ஒருவருக்கு எழுதாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

உங்கள் தொழில் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஹாலில் டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவே கிடக்கும் மூன்றே முக்கால் அடி இடத்துக்கு எந்தக் கம்பெனியும் தொட்டி செய்து வைத்திருப்பதில்லை. நீங்கள்தான் செய்கிறீர்கள். 1909-லேயே மெரினாவில் பொதுமக்களுக்கு மீன் காட்சியகம் திறந்த ஊர் இது. இன்று இந்த ஊரில் ஒரு சாதாரணக் குடும்பம் தன் வீட்டுக்குள் ஏஞ்சலும் ஆஸ்கரும் வளர்க்க முடிகிறதென்றால், அதில் பாதி உங்கள் கைவேலை. வெளிநாட்டுத் தொட்டியின் விலையைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

நான் கேட்டது நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். கண்ணாடி 10 எம்.எம். முன்பக்கம் மட்டும் எக்ஸ்ட்ரா கிளியர். பின்பக்கம் மேல் மூலையில் சம்பு பில்டருக்காக ஒரு ஓட்டை. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கொடுத்த சீட்டில் இருந்தது "4 அடி டேங்க்", ஒரு தொகை, ஒரு போன் நம்பர். உங்கள் தெருவில் எல்லோருக்கும் கிடைக்கிற சீட்டு அதுதான். தொட்டி குட்டி யானையில் வந்து இறங்கியபோது கிட்டே போனாலே வினிகர் வாடை அடித்தது. "புது டேங்க்னா அப்படித்தான் சார் இருக்கும், தண்ணி ஊத்தினா போயிடும்" என்றார் இறக்க வந்தவர்.

சில வாரங்கள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு இடது கீழ் மூலையில் ஈரம். துடைத்தால் மறுநாள் மறுபடியும் ஈரம். அதற்குள் ஸ்டாண்டின் பிளைவுட் உப்பத் தொடங்கிவிட்டது. போன் செய்தேன்.

முதல் பதில்: "அது வியர்வை சார்."

இதற்கு நான் கொஞ்சம் நிறுத்திப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது எல்லோருக்கும் சொல்லப்படுகிற பதில். ஐஸ் தண்ணீர் சொம்பு வியர்ப்பது போலத் தொட்டியும் வியர்க்கும் என்பது இதன் பொருள். சொம்பு வியர்ப்பது, அது சுற்றியுள்ள காற்றைவிட நன்றாகக் குளிர்ந்திருப்பதால். சென்னை வீட்டில் சில்லர் இல்லாத தொட்டியில் தண்ணீர் 27, 28 டிகிரியில் இருக்கும். அறையும் ஏறக்குறைய அதே சூடுதான். அந்தக் கண்ணாடி எதற்காக வியர்க்கும்? அப்படியே வியர்த்தாலும் கண்ணாடி முழுக்க அல்லவா பூக்கும், ஒரே மூலையில் ஒரே ஒட்டில் ஏன்? ஒட்டை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு டிஷ்யூ தாளை அதன்மேல் ஒட்டி வைத்தால், எந்த இடத்தில் முதலில் நனைகிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வாடிக்கையாளர் போன் செய்தால் வியர்வை என்று சொல்வதற்குப் பதில் இந்த டிஷ்யூ சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். உங்களுக்கும் வீண் அலைச்சல் மிச்சம்.

இரண்டாவது பதில்: "ஸ்டாண்டு மட்டமா இருக்காது சார்." இதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். பல வீடுகளில் இது உண்மை. ஒரு கால் இரண்டு எம்.எம். உயர்ந்திருந்தாலும் தொட்டி லேசாக முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கை ஏதாவது ஒரு ஒட்டு சுமக்க வேண்டிவரும். என் ஸ்டாண்டின் மேல் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்பதைப் படமெடுத்து அனுப்பினேன். உடனே தொட்டிக்கு அடியில் வைத்த தெர்மாகோல் மெலிசு என்றார். அரை அங்குலத் தெர்மாகோல் என்றதும், தண்ணீரை ஒரு அரையடி குறைத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இந்த மூன்றாவது பதில் எனக்கு மிகவும் பிடித்தது. இயற்பியல்படி அது அப்பழுக்கற்ற ஆலோசனை.

கணக்கைப் பாருங்கள். அந்தத் தொட்டி நிறைந்தால் 340 லிட்டர், அதாவது 340 கிலோ தண்ணீர். இந்த எடையைத் தாங்குவது ஸ்டாண்டு. கண்ணாடியின் கவலை வேறு. பக்கவாட்டில் தள்ளும் அழுத்தம் தண்ணீரின் உயரத்தை மட்டுமே பொறுத்தது. ஒன்றரை அடி அகலத்தை மூன்றடி ஆக்கித் தண்ணீரை இரட்டித்தாலும் முன்கண்ணாடிமேல் ஒரு கிராம்கூடக் கூடாது. ஆனால் உயரம் கூடினால், விசை அந்த உயரத்தின் வர்க்கத்தில் ஏறும். இரண்டடி தண்ணீர் நிற்கும்போது நாலடி முன்கண்ணாடியை வெளியே தள்ளும் விசை கிட்டத்தட்ட 225 கிலோ எடைக்குச் சமம். தண்ணீரை ஒன்றரை அடியாகக் குறைத்தால் அது 130 கிலோவுக்கும் கீழே வந்துவிடும். அரையடி குறைத்ததில் ஏறக்குறைய நூறு கிலோ இறங்கிவிடுகிறது. கசிவும் நின்றது. நின்றதும் எனக்குச் சந்தேகம் வலுத்தது. இரண்டடிக்கென்று செய்த தொட்டி ஒன்றரை அடிக்குத்தான் தாங்கும் என்று செய்தவரே சொல்லிவிட்டார் அல்லவா?

பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் வெர்னியர் வாங்கி வந்து மேல்விளிம்பில் வைத்துப் பார்த்தேன். எட்டு எம்.எம். நாலு பக்கமும் எட்டு.

இரண்டு எம்.எம்.தானே என்று தோன்றும். இதைத்தான் உங்களில் பலர் என்னிடம் சொல்லியும் இருக்கிறீர்கள்: "எல்லாரும் நாலடிக்கு எட்டுதான் சார் போடறாங்க." ஆனால் கண்ணாடியின் பலம் தடிமனோடு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. பத்திலிருந்து எட்டுக்கு இறங்கினால் அதே தண்ணீருக்குக் கண்ணாடிக்குள் ஏறும் இறுக்கம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. முன்கண்ணாடி வெளியே வளைவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிறது. ஒட்டை இழுப்பது அந்த வளைவுதான். கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. விளிம்பில் ஒரு சின்னச் செதில் பெயர்ந்திருந்தால் விரிசல் அங்கிருந்து புறப்படும். மேலே சப்போர்ட் பட்டை வைத்திருந்தால் எட்டு எம்.எம்.மும் பல வருடம் நிற்கலாம், மறுக்கவில்லை. எட்டு எம்.எம். போடுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. பத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு எட்டு போடுவதைச் சொல்கிறேன். என் தொட்டியில் பத்து போட்டிருந்தால் வெறும் கண்ணாடியே 65 கிலோ இருந்திருக்கும், எட்டில் 52 கிலோ. பதின்மூன்று கிலோ கண்ணாடி எங்கே போனது?

இதை நேரில் போய்க் கேட்டபோதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அந்தக் கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை என்று இப்போதும் நம்புகிறேன். அவருக்கே தெரியவில்லை. கண்ணாடி வெட்டித் தரும் கடையில் பத்து என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வெட்டிய துண்டுகள் ஆட்டோவில் வந்திருக்கின்றன. அவரிடம் இருந்த சீட்டிலும் எம்.எம். இல்லை. மாஸ்டர் வந்த துண்டை ஒட்டியிருக்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் 2000-லிருந்து மிதவைக் கண்ணாடி ஆலை ஓடுகிறது. இது போன்ற ஆலையிலிருந்து கண்ணாடி வெளிவரும்போது தடிமன் அரை எம்.எம். கூடப் பிசகுவதில்லை, தடிமன் இல்லாமல் பில்லும் இல்லை. அங்கிருந்து மொத்த வியாபாரி, வெட்டும் கடை, ஒட்டும் கடை என்று கை மாற மாற அந்த எண் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. கடைசியில் என் வீட்டுக்கு வரும்போது அது "4 அடி டேங்க்".

நான் உங்களிடம் கேட்பதெல்லாம் அந்த உதிர்ந்த எண்ணைத்தான்.

சிலிக்கானுக்கு வருகிறேன், ஏனென்றால் என் தொட்டியைக் கடைசியாகக் கெடுத்தது அதுதான். ஒரு காலத்தில் தொட்டி என்றால் இரும்பு ஆங்கிள் சட்டம், அதற்குள் பட்டி வைத்துப் பொருத்திய கண்ணாடி. துருப்பிடிக்கும், கனக்கும், பார்க்கவும் அழகில்லை. ஆனால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று வாங்குபவன் கண்ணுக்குத் தெரியும். சிலிக்கான் வந்த பிறகு சட்டம் போய்விட்டது. இன்று 340 கிலோ தண்ணீரும் நிற்பது சில எம்.எம். பசையின் நம்பிக்கையில். அந்தப் பசை எது, எப்போது வைத்தது, காய்ந்ததா என்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். கண்ணாடியையாவது நான் வெர்னியர் வைத்து அளந்துவிடலாம். பசையை எதை வைத்து அளப்பது?

நீங்கள் பயன்படுத்தும் சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது, வினிகர் வாடை அதனால்தான். மேலே பத்துப் பதினைந்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும், தொட்டால் ஒட்டாது. உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று எம்.எம். ஆழம்தான் இறுகும், ஆழம் போகப் போக இன்னும் மெதுவாகும். பெரிய தொட்டியை ஒரு வாரமாவது சும்மா விடுவது நல்ல மாஸ்டர்களின் வழக்கம். வீட்டு வாசலில் இறங்கும்போது மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் உள்ளே இன்னும் வேலை முடியவில்லை என்று அர்த்தம். "தண்ணி ஊத்தினா போயிடும்" என்பது சரிதான். தொட்டியும் சேர்ந்து போய்விடக்கூடும்.

என் புகாருக்குப் பிறகு கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பையன், மரியாதையாகப் பேசினான். தண்ணீரைப் பாதி இறக்கச் சொல்லி, மூலையைத் துணியால் துடைத்து, பழைய சிலிக்கான் மேலேயே புதிதாக ஒரு வரி இழுத்து, விரலால் தடவிவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்லி என்ன பயன், அனுப்பியவர்கள் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இறுகிய சிலிக்கான்மேல் புதிய சிலிக்கான் பிடிக்காது. உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். ஈரத்தின்மேல் அறவே பிடிக்காது. கசிகிற ஒட்டைச் சரிசெய்ய வேண்டுமென்றால் தொட்டியை முழுக்க வற்றவைத்து, பிளேடால் பழையதை ஒரு துணுக்கும் இல்லாமல் சுரண்டி, ஸ்பிரிட்டோ அசிட்டோனோ போட்டுத் துடைத்து, மறுபடி வைத்து, மறுபடி காயவிட வேண்டும். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள ஒட்டே விட்டிருந்தால் அந்தப் பக்கத்தையே பிரிக்க வேண்டும். உள்ளே இழுக்கும் வரி வெறும் காப்பு. சுமை தாங்குவது நடுவிலிருக்கும் ஒட்டு. வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் அதில் காற்றுக் குமிழ்கள் வரிசையாகத் தெரிந்தன. பையன் போன மூன்றாம் நாள் இரவு மறுபடி கசிந்தது.

டியூபைப் பற்றி இன்னொன்று. ஹார்டுவேர் கடையில் குளியலறைக்கென்று விற்கும் சிலிக்கானில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருக்கும். டைல்ஸுக்கு அது நல்லது, மீனுக்கு விஷம். விலை மலிவான சில டியூபுகளில் எண்ணெய் கலந்து அளவைக் கூட்டுகிறார்கள், நாளாவட்டத்தில் அது சுருங்கும். தொட்டி ஒன்றுக்கு டியூபில் நீங்கள் மிச்சம் பிடிப்பது எவ்வளவு இருக்கும்? நான் கொடுக்கிறேன் அந்தப் பணத்தை. பில்லில் தனியாகப் போடுங்கள்.

இனி சட்டம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நீங்கள் அறிந்துவைத்திருப்பது உங்களுக்கே நல்லது. பல கடைகளில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறீர்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று அதுவே கெடு வைக்கிறது. பில் கொடுக்காமல் விற்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. பொருள் சொன்ன விவரப்படி இல்லையென்றால், அதனால் வந்த சேதத்துக்குத் தயாரித்தவர் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தில் தனி அத்தியாயமே உண்டு. அந்தப் பார்வையில் தயாரிப்பாளர் என்றால் பெரிய ஆலை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பாகங்களை வாங்கிச் சேர்த்து ஒரு பொருளாக்கி விற்பவரும் தயாரிப்பாளர்தான். வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. அதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

நான் ஆணையம் வரை போகவில்லை. வெர்னியர் படம், டிஷ்யூ நனைந்த படம், குமிழ்களின் படம், பணம் அனுப்பிய விவரம், போனில் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, ஒரு பக்கக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் கடைக்கு அனுப்பினேன். கோபமாக ஒரு வார்த்தையும் எழுதவில்லை. என்ன கேட்டேன், என்ன வந்தது, என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும், அவ்வளவுதான். அதுவரை போனை எடுக்காதவர் நேரில் வந்தார். தொட்டியை எடுத்துக்கொண்டு அதன் விலையைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்டாண்டுக்கும் மீனுக்கும் எதுவும் இல்லை, நானும் அதோடு விட்டுவிட்டேன். வாசலில் நின்று அவர் சொன்னது: "பேப்பர்ல எழுதி வந்தாத்தான் சார் எங்களுக்கும் கண்ணாடிக்காரன்கிட்ட பேச முடியுது." இந்த மடலை எழுதத் தோன்றியது அந்த வாக்கியத்தால்தான்.

எழுத்து உங்களுக்கு எதிரான ஆயுதம் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் அது இல்லாமல் அதிகம் அடிபடுவது நீங்கள். ஸ்டாண்டு சரியில்லாமல் தொட்டியை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. பாதித் தண்ணீரோடு தொட்டியை நகர்த்துபவர்கள் உண்டு. பாசியைச் சுரண்டுகிறேன் என்று பிளேடை ஒட்டுக்குள்ளேயே விட்டு அறுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் உங்கள் கடை வாசலில் வந்து கத்துபவர்களும் உண்டு. ஐந்நூறு ரூபாய் குறைத்தால்தான் ஆச்சு என்று பேரம் பேசி, அந்த ஐந்நூறைக் கண்ணாடியிலிருந்து எடுக்க உங்களை நெருக்குபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "தண்ணீரோடு நகர்த்தக் கூடாது, ஸ்டாண்டு இந்த அளவு மட்டமாக இருக்க வேண்டும், ஒட்டில் பிளேடு படக் கூடாது, மீறினால் கடை பொறுப்பல்ல" என்று நாலு வரி அச்சடித்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தச் சண்டைகளில் பாதி இருக்காது. அதே தாளில் மேலே கண்ணாடி எத்தனை எம்.எம்., எந்தச் சிலிக்கான், ஒட்டிய தேதி, தண்ணீர் நிறுத்திப் பார்த்த தேதி. ஒரே தாள், இரண்டு பேருக்கும் காப்பு.

தண்ணீர் நிறுத்திப் பார்ப்பதைப் பற்றிச் சொன்னால் இடமில்லை என்கிறீர்கள். உண்மைதான், கொளத்தூர்க் கடைகளின் அகலம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒட்டிக் காய்ந்த தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, கீழே செய்தித்தாள் விரித்து, இரண்டு நாள் நிறுத்தாமல் கொடுக்கவே கூடாது. கசிவதென்றால் உங்கள் கடையில் கசியட்டும். என் வீடு முதல் மாடி. கீழ்வீட்டுக்காரர் சீலிங்கில் வந்த கறையைக் காட்டிய அன்று நான் பட்ட அவமானத்துக்கு எந்தச் சட்டத்திலும் நஷ்டஈடு கிடையாது.

பெரிய இடத்திலும் இது நடக்கத்தான் செய்கிறது. பெர்லினில் ஒரு ஹோட்டல் நடுவே நின்ற அக்வாடோம் என்ற உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் வெடித்தது. பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் ஹோட்டலைப் பிய்த்துக்கொண்டு தெருவுக்கு ஓடியது. ஏறக்குறைய 1,500 மீன்களில் பிழைத்தவை கொஞ்சம். அது கண்ணாடி அல்ல, அக்ரிலிக். வல்லுநர்கள் நெடுநாள் ஆராய்ந்தும் இதுதான் காரணம் என்று அறுதியிட முடியவில்லை. ஒட்டு விட்டிருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன சாத்தியங்களில் ஒன்று. அவர்களிடம் புதுப்பித்த விவரம் முதற்கொண்டு ஆவணங்கள் இருந்தன, அப்படியும் இந்தப் பாடு. நம்மிடம் இருப்பது "4 அடி டேங்க்".

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதைச் சட்டம் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன். தொட்டி கசிவது பெரும்பாலும் ராத்திரியில்தான் கண்ணில் படுகிறது. அப்போது மனிதனைப் பிடித்து ஆட்டுவது பணமோ பிளைவுட்டோ அல்ல, உள்ளே இருக்கும் உயிர்கள். எல்லா மீனையும் பக்கெட்டில் போட்டு ஏர் பம்பைச் செருகினால் ஒரு ராத்திரி ஓட்டிவிடலாம். மறுநாள்? தொட்டித் தண்ணீரில் மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பில்டருக்குள் குடியிருக்கின்றன. புதிதாக அவை வளர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். பில்டர் ஸ்பாஞ்சைக் காயவிட்டாலோ குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினாலோ அவற்றில் பெரும்பாலானவை செத்துவிடக்கூடும். அதைத் தொட்டித் தண்ணீரிலேயே ஊறவைத்துக் காற்று ஓடவிட வேண்டும் என்பது புதிதாக மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரியாது. பயத்தில் எல்லாவற்றையும் கழுவிப் பளபளவென்று வைத்துவிட்டு, பக்கெட்டில் மீன் சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் ஒவ்வொரு கடையிலும் விற்காத, கீறல் விழுந்த, அளவு பிசகிய தொட்டி ஒன்றாவது மூலையில் கிடக்கிறது. அதை இரவல் தொட்டியாக வையுங்கள். நீங்கள் செய்த தொட்டி கசிகிறது என்று போன் வந்தால் முதலில் அதைக் கொடுத்தனுப்புங்கள், கூடவே பில்டரைக் கழுவாதே என்று ஒரு வார்த்தையும். யார் தப்பு என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். மீன் பிழைத்துக்கொண்டால் வாடிக்கையாளரும் நிதானமாகப் பேசுவார். பையனை அனுப்பிப் பழைய சிலிக்கான்மேல் புதியதைத் தடவவிடும் அவசரம் உங்களுக்கும் இருக்காது. தொட்டியைக் கடைக்கு எடுத்துவந்து முறையாகப் பிரித்து ஒட்ட நேரம் கிடைக்கும். என் மீன்களில் மூத்தது ஒரு செவரம். ஒரு நண்பர் வீட்டில் சும்மா கிடந்த மூன்றடித் தொட்டியில்தான் அது பிழைத்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதற்காக எனக்கு இப்போது ஒரு தொட்டி தேவைப்படுகிறது. நீளம் நாலரை அடி, அகலம் இரண்டடி, உயரம் ஒன்றேமுக்கால் அடி. முன்பக்கம் எக்ஸ்ட்ரா கிளியர், மேலே சப்போர்ட் பட்டை, பின்கண்ணாடியில் ஓட்டை ஒன்று, விளிம்பிலிருந்து குறைந்தது ஓட்டையின் விட்டம் அளவுக்காவது தள்ளி. விலை கேட்கும் கடிதம் ஒன்றை உங்களில் தெரிந்த சில கடைகளுக்கு இந்த வாரம் அனுப்புகிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களும் விலை சொல்லலாம். விலையோடு எத்தனை எம்.எம்., என்ன சிலிக்கான், எத்தனை நாள் காயவிடுவீர்கள், எத்தனை நாள் தண்ணீர் நிறுத்துவீர்கள் என்பதை எழுதி, கடை முத்திரை வைத்து அனுப்புங்கள். குறைந்த விலை சொல்பவருக்குத்தான் ஆர்டர் என்று நினைக்க வேண்டாம். ஸ்டாண்டு தயாராக இருக்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்தாயிற்று, நீங்களும் வந்து ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்,
சென்னை.